என்ஜினை மறைத்த அலமாரி

1

இந்தக் கதையை என் அக்கா ஸலூஹாவிடமிருந்து திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவளே உங்களிடம் சொல்லிவிடுவாள். எங்கள் கெர்கென்னா தீவில் திருட்டுப்பொருளை ஒளித்துவைக்க இடம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கூஸ்கூஸ் பரிமாறிக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அத்தான் திஜானி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

முதல் வரியை இப்படி எழுதியிருந்தேன்: 'அன்று கடல் ஒரு வெள்ளித் தட்டைப் போல—'

அன்றைக்குக் கடல் சாக்கடை நிறத்தில் இருந்தது என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

அக்காவும் அத்தானும் இருபது வருடமாக ஒரே படகில் பேய்க்கணவாய் பிடிப்பவர்கள். போன பிப்ரவரியில் நடுக்கடலில் என்ஜின் கழன்றுகொண்டது. அதைத் தாங்கும் இரண்டு நீளக் கட்டைகளும் எண்ணெய் ஊறி உளுத்துப்போயிருந்தன. போல்ட்டுகள் சிராய் சிராயாகப் பிய்த்துக்கொண்டு வந்தன. (இங்கே ஒரு புயல் வைக்க ஆசைப்பட்டேன். புயல் வரவில்லை.) ஒன்றரை நாள் மிதந்தார்கள். பிறகு வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது.

கரையேறியதும் அத்தான் படகைப் புதுப்பிக்க ஆரம்பித்தார், உள்ளறையிலிருந்து. பழைய பலகைகளை உரித்தார். படுக்கைக்கு ஒலிவ மரத்தில் விளிம்பு வைத்தார். என்ஜின் தடுப்பை ஒட்டி மூன்று இழுப்பறையுள்ள அலமாரி ஒன்றைச் செய்து நாலு பூச்சு வார்னிஷ் அடித்தார். என்ஜின் கட்டை என்னாச்சு என்று யார் கேட்டாலும், மரம் காயட்டும் என்பார். ஆகஸ்ட் மாதத்தில்!*

* இந்த ஆச்சரியக்குறி அக்காவுடையது.

3

அத்தானைச் சோம்பேறி என்றே இதுவரை எழுதிவந்தேன். இப்போது எனக்கே சந்தேகம்.

அக்டோபரில் பருவம் தொடங்கும். செப்டம்பரில் அக்கா மெக்கானிக் ஹஷ்மியை அழைத்து வந்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கட்டையை மாற்ற என்ஜினைத் தூக்க வேண்டும், என்ஜினைத் தூக்க இந்த அலமாரியைப் பிரிக்க வேண்டும் என்றார். அலமாரி ரொம்ப அழகு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"தெரிஞ்சேதானே அங்க வச்சீங்க?"

அத்தான் ஓர் இழுப்பறையைத் திறந்தார். மூடினார். (இந்த இடத்தில் அவர் மனதுக்குள் நுழைந்து ஒரு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன்.)

"ஆமா. அந்த ஒன்றரை நாளும் நீ பாட்டுப் பாடிக்கிட்டு வலை தச்சுட்டு இருந்த. நான் உன்னையே பாத்துட்டு இருந்தேன். இனிமே உன்ன அங்க கூட்டிட்டுப் போக என்னால முடியாது, ஸலூஹா. பயமா இருக்கு."

"நான் பயத்துலதாங்க பாடினேன். குரல் நடுங்கினது தெரியலையா?"

"எப்பவும் அப்படித்தானே பாடுவ."

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று அவள் சொல்லவில்லை. திருப்புளியை எடுத்து அலமாரியைப் பிரிக்க உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: ஒரு சொட்டுப் பசையில்லை, ஓர் ஆணியில்லை. பலகைக்குப் பலகை திருகாணி. என்றைக்காவது கழற்றத்தான் வேண்டும் என்று தெரிந்த மனிதர் செய்த வேலை.

சோம்பேறி என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டேன். மேலே ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது.

4

எதிர்க்கரை நகரமான ஸ்ஃபாக்ஸிலிருந்து புது ஓக் கட்டைகள் வந்தன. ஹஷ்மியும் அத்தானும் அவற்றை இழைத்துப் பொருத்தி, என்ஜினை இறக்கி, போல்ட்டை முடுக்கினார்கள். அலமாரியும் பழைய இடத்துக்கே திரும்பியது.

அக்டோபர் வந்தது. முதல் மூன்று நாளும் அக்கா தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். அத்தானை வரச்சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாள் காலை அத்தான் துறைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு கால் படகில், ஒரு கால் கல்லில்.

"ஏறுங்க, இல்ல இறங்குங்க," என்றாள் அக்கா. "ரெண்டுல எதுன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படகு மெல்ல விலக ஆரம்பித்தது.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவர் எந்தக் காலை எடுத்தார் என்று எனக்குத் தெரியும், நானும் துறையில்தான் நின்றேன். ஆனால் நீங்கள் எதைச் சொல்வீர்கள் என்று கேட்க ஆசை. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அத்தானின் கால்களுக்கு நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போகிறது.