குளியலறைக்குள் சேவல்

ஜெராம் ஊரில் சுகுமாரன் தன் வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி வளர்த்துக் குஞ்சு விற்கிறான். "எல்லாம் பெட்டையா பாத்துக் கொடு தம்பி" என்று குஞ்சு வாங்கப் போன புஷ்பவள்ளி கேட்டபோது சிரித்தான்.

"முட்டையிலேர்ந்து வந்து ரெண்டு நாளுதான் ஆவுது அக்கா. சேவலா பெட்டையான்னு எனக்கே தெரியாது. வளந்தாத்தான் தெரியும்."

முட்டைக்காகத்தான் வாங்கினாள். வளர்ந்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் சேவலாகிவிட்டது. நீண்ட கால், இறகில்லாத சிவந்த கழுத்து. எங்கே போனாலும் அவள் பின்னாலேயே வரும். துணி காயப்போட்டால் கொடிக்குக் கீழே வந்து நிற்கும்.

ஒரு நாள் காலை, கறுப்பு பிக்-அப் ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கியவனுக்கு முப்பது வயது இருக்கலாம்.

"அக்கா, அந்தச் சேவலு எங்களோடது. மாறி வந்துருச்சு. குடுத்துருங்க லா, வேற கோழி தர்றேன்."

காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விடத்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்துக்குள் அப்படிக் கூட்டம் கூடுவது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"தர முடியாது."

"யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்காரரு ராவாங்லதானே வேலை செய்யுறாரு? பொழுது சாய்ஞ்சுதானே வருவாரு?"

மரியாதையாகத்தான் பேசினான். அவள் கேட்டை இழுத்துப் பூட்டினாள்.

வண்டி போனதும் சுகுமாரனுக்கு போன் செய்தாள்.

"முட்டை மாறிப்போச்சு அக்கா. அடை வைக்கச் சொல்லி அவங்க கொடுத்தது. வந்து மெரட்டுனாங்க, உங்க வீட்டைச் சொல்லிட்டேன். குடுத்துருங்க, எனக்கும் பயமா இருக்கு."

மறுநாள் கணவன் யுவனேஸ்வரன் வேலைக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் போலீஸ்ல சொல்லிடலாம். கதவைத் தொறக்காதே" என்றான்.

மத்தியானம் அதே வண்டிச் சத்தம் கேட்டது. சேவலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. கேட் குலுங்கியது, பிறகு யாரோ எகிறிக் குதித்த சத்தம். செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. கோழிகள் சிதறிக் கத்தின.

மடியிலிருந்த சேவல் கழுத்தை நீட்டியது. "வேணாம், வேணாம்" என்று முணுமுணுத்தபடி அலகைப் பொத்தினாள். அதன் நெஞ்சும் அவள் நெஞ்சும் ஒன்றாக அடித்துக்கொண்டன. மூச்சு முட்டிவிடுமோ என்று பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். அது தலையை உதறிக்கொண்டு வீடே அதிரக் கூவியது.

வெளியே சத்தம் நின்றது.

"அக்கா," என்றது குரல், குளியலறை ஜன்னலுக்கு நேர் கீழிருந்து. "உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே ஒக்காந்திருப்பேன்."

அவளால் தாங்க முடியவில்லை.

"கேட்டுக்கு வெளிய போய் நில்லு! நின்னாத்தான் விடுவேன்!"

அவன் போனான். முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் சமையலறைக் கம்பிக் கதவைத் திறந்தாள். சேவலை வெளியே தள்ளிவிட்டு உடனே பூட்டினாள். சேவல் எங்கும் போகவில்லை. திரும்பி, கதவருகிலேயே நின்று அவளைப் பார்த்தது. அவன் மறுபடி கேட்டை ஏறிக் குதித்து வந்து, ரொம்பப் பக்குவமாக அதைத் தூக்கி, கழுத்தைத் தடவிக்கொடுத்தான்.

"தேங்க்ஸ் அக்கா."

யுவனேஸ்வரன் வந்து பின்பக்க விளக்கைப் போட்டபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இறுகியிருந்த சாவியை அவன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தான்.

"நானே கொடுத்துட்டேங்க," என்றாள்.

அந்த வாரமே மற்ற கோழிகளைத் தஞ்சோங் காராங்கில் இருக்கும் யுவனேஸ்வரனின் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். முட்டை இப்போது கடையில்தான் வாங்குகிறாள். பகலிலும் கம்பிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறாள்.