பார்கவி வீட்டுச் சுவர்

பார்கவி வீட்டு வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. அங்கே யாரும் குடியிருக்கவும் இல்லை. டுரியான் துங்காலைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே, எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் எப்போதோ இருந்துவிட்டுப் போன பழைய பலகை வீடு அது. ஆனாலும் ஒரு வருடம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த, கதாநாயகி பார்கவியின் வீடு. சுற்றுலா பஸ்ஸில் வந்த பெண்கள், தெரிந்தவர் வீட்டுக்கு வந்தது போல உடையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்கள். மோகனாவும் செருப்பைக் கழற்றி, மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் சுவரோரமாக வைத்தாள்.

அந்த வீட்டின் மேல் அவளுக்கு மட்டும் தனியாக ஓர் உரிமை இருந்தது. அவளுடைய மகள் திவ்யதர்ஷினி அந்தத் தொடரின் கலைப்பிரிவில் வேலை செய்தவள். திரைச்சீலை, நாட்காட்டி, சாமி மாடம் எல்லாம் அவள் கை பட்டவை. படப்பிடிப்பு நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மோகனாவுக்கு ஆசை வந்தது. "அங்க என்னம்மா இருக்கு, பழைய வீடு, கொசு" என்று மகள் பேச்சை மாற்றிவிட்டாள். பாச்சாங் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ஜெயமணி அக்காதான் விடவில்லை. "அவ கெடக்கா. நாம போயிட்டு வந்து சொல்லிக்கலாம் லா." மகளுக்குத் தெரியாமல் கிளம்பியதால், யாருடைய அம்மா என்று பஸ்ஸில் சொல்லக் கூடாது என்று ஜெயமணியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் மலாக்கா ஆற்றோரம், கதாநாயகன் பிரிந்துபோன பாலத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வாயை மூடிக்கொண்டிருக்க ஜெயமணி பட்ட பாட்டைப் பார்த்து மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது.

வழிகாட்டியாக வந்த தினேஷ்வரனும் அந்தப் படப்பிடிப்பில் இருந்தவன்தான். கூடத்தில் எல்லாரும் சேர்ந்ததும் சுவரோரம் போய் ஒரு சுவிட்சைத் தட்டினான். மாலை போட்ட படத்தின் கீழே சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது.

"இது யாரு, சொல்லுங்க?"

"பார்கவி அப்பா" என்றார்கள் பல பேர்.

"அது கதையில லா. அப்பாவா ஒரு சீன் நடிச்சாரே, அவரு படத்துக்கு மாலை போட விடமாட்டேன்னுட்டாரு. 'என் பொண்டாட்டி டிவியில பார்த்தா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா'ன்னாரு. வேற யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க. உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு எவன் மாலை போட விடுவான்? நெசமாவே எறந்தவங்க படம் கொண்டாங்கன்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அப்ப நம்ம ஆர்ட் டிப்பார்ட்மெண்ட் திவ்யாதான் கொண்டாந்துச்சு. எங்கப்பாதான், எறந்துட்டாரு, போட்டுக்குங்கன்னு. டைரக்டர் மொதல்ல படத்துக்குச் சூடம் காட்டி, எல்லாரும் கும்பிட்டுட்டுத்தான் ஷூட்டிங் ஆரம்பிச்சோம்."

காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஜெயமணி, மோகனாவின் முழங்கையைப் பிடித்தாள்.

மோகனா படத்தைப் பார்த்தாள். முதலில் தெரிந்தது முகம் அல்ல, தலையின் சாய்வு. கல்யாணமான புதிதில் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் இருவருமாக எடுத்துக்கொண்ட படம். 'பொண்ணு பக்கம் கொஞ்சம் சாயுங்க' என்று படம்பிடித்தவர் இரண்டு மூன்று தடவை சொன்ன பிறகு அவள் கணவர் கணேஸ்வரன் வெட்கத்தோடு சாய்த்த சாய்வு. அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. சாய்ந்த பக்கத்தில் யாரும் இல்லை. தொடரில் இந்தப் படம் எப்போதும் பார்கவியின் தோளுக்குப் பின்னால், மாலைக்குள் மறைந்த ஒரு கறுப்புக் கறையாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு ராத்திரியும் அவர் முன்னால் தட்டை வைத்துக்கொண்டு அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

திவ்யா ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஜொகூர் பக்கம் லோரி ஓட்டப் போனவர். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு நின்றுவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுத்தாள், வேண்டாத கோயில் இல்லை. படத்துக்கு ஒரு மாலை போட்டுவிட்டு வேலையைப் பார் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது, மாலை போட்டால் முடித்துவிட்டதாக ஆகிவிடும் என்று படத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. பாச்சாங்குக்கு வந்து கொஞ்ச காலத்தில் அந்தப் படம் காணாமல் போனது. வீடு மாறும்போது விழுந்திருக்கும் என்றாள் திவ்யா. அன்று அலமாரியை நகர்த்தி, தரையில் மண்டிபோட்டு, மகளும் கூடவே தேடினாள்.

மற்றவர்கள் படத்தின் முன்னால் நின்று செல்பி எடுக்கத் தொடங்கினார்கள். மோகனா பின்கட்டுக்குப் போய்க் கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க? காலைலேருந்து போன் எடுக்கல."

"பார்கவி வீட்டுல."

மறுமுனையில் யாரோ கணினியில் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரு கூட?"

"உங்கப்பா கூட."

தட்டச்சுச் சத்தமும் தள்ளிப் போனது. மகள் எழுந்து வெளியே வருகிறாள் என்று தெரிந்தது. மோகனா காத்திருந்தாள். தோட்டத்துக்குள் எங்கோ ஒரு மட்டை வெட்டுப்பட்டு விழுந்தது.

"படம் வேணும்னா கேட்டிருக்கலாம்ல. பொய் சொல்லியா எடுத்துட்டுப் போகணும்? உயிரோட இருக்கிற மனுசனுக்கு சூடம் காட்டி..."

"பொய் சொல்லலம்மா."

மோகனா பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷூட்டிங்குக்கு முன்னாடி, ஜொகூர்ல, குளுவாங்ல பிரெண்டு கல்யாணம்னு போனேன்ல." திவ்யாவின் குரல் சின்னதாகிவிட்டது. "கல்யாணம் இல்லம்மா."

அந்தக் கல்யாணத்துக்காக மோகனாதான் கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தாள். மடிப்புக் கலையாமல் அது திரும்பி வந்தது. எல்லாரும் பஞ்சாபி சூட்தான் போட்டிருந்தார்கள் என்றாள் மகள். சரி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு அதைத் திரும்ப அலமாரியில் வைத்தவளும் மோகனாதான்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"அவங்க வீட்டுலேருந்து போன் பண்ணாங்க."

எவங்க வீடு என்று கேட்க வாயெடுத்தாள். அதைக் கேட்கத் தேவையில்லை என்று பட்டது. கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது.

"ஒன் நம்பரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ பார்கவி மாதிரி அழுது காட்டினார்கள்.

"அப்பாகிட்ட இருந்துச்சு" என்றாள் திவ்யா.

மோகனா தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

"நீங்க பொட்டு வச்சுக்கிட்டு நல்லாத்தானம்மா இருந்தீங்க. நான் எப்படி..."

மோகனா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். நிறுத்திவிட்டுப் போட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. பையின் அடியிலிருந்து "அம்மா, அம்மா" என்று கொஞ்ச நேரம் கேட்டது.

வெளியே பஸ் கிளம்பும் சத்தம். "ஆன்ட்டி, கடைசியா நீங்கதானே?" என்று வாசலிலிருந்து தினேஷ்வரன் கத்தினான். "அந்தச் செகப்பு லைட்ட மட்டும் ஆப் பண்ணிட்டு வந்துருங்க."

கூடத்தில் யாரும் இல்லை. பிளாஸ்டிக் மாலையில் தூசி படிந்திருந்தது. அவர் சாய்ந்த பக்கத்து மாலையை ஒரு விரலால் ஒதுக்கினாள். சட்டத்தின் ஓரத்தில், சரியாக வெட்டப்படாமல், ஒரு துண்டுச் சரிகைத் தோள் மிஞ்சியிருந்தது. அதற்கு மேல் நாலைந்து மல்லிகை மொட்டுகள். மாலையைத் திரும்ப விட்டாள். அது முன்பு தொங்கியது போலவே தொங்கியது. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்ன பல்புக்கு இவ்வளவு சூடு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

வாசலில் அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது.

பஸ்ஸில் ஜெயமணி ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். மோகனா கைக்குட்டையை எடுத்து, பொட்டின் மேல் படாமல், அதைச் சுற்றி மட்டும் வியர்வையைத் துடைத்தாள்.

"லைட்டு ஆப் பண்ணியாச்சா, ஆன்ட்டி?" என்றான் தினேஷ்வரன் முன்னாலிருந்து.

"ம்" என்றாள்.

ஜெயமணி திரும்பி வீட்டைப் பார்த்தாள். பிறகு மோகனாவைப் பார்த்தாள். மழை வரும்போல மேகம் கூடி, பகலிலேயே தோட்டம் இருட்டிக்கொண்டு வந்தது. செம்மண் பாதை வளைந்தபோது, வீட்டின் திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கூடத்துச் சுவர் தெரிந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி. பனைகளுக்குப் பின்னால் மறைந்தது, மறுபடி தெரிந்தது, மறுபடி மறைந்தது. மோகனா அடுத்த இடைவெளிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.