மீன் தின்னாத தவக்காலம்

கண் முகாமில் எமல்டாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புரை முற்றிவிட்டது, அறுவை செய்யலாம், ஆனால் சுகர் இப்படி ஏறிக் கிடக்கும்போது கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள், தங்கச்சிமடத்தில் இதே பள்ளிக்கூடத்தில் இன்னொரு முகாம் உண்டு. அதற்குள் இறக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அவள் பயந்தது வேலைக்காக. நண்டு கம்பெனியில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிறவள் அவள். சதையில் ஓட்டுத் துணுக்கு ஒன்று கிடந்தாலும் மொத்தத் தட்டும் திரும்பி வரும். சூப்பர்வைசர் இராமலட்சுமி ஊதா விளக்கடியில் தட்டை வைத்துப் பார்ப்பாள். கொஞ்ச நாளாக எமல்டாவின் தட்டுதான் அதிகம் திரும்பி வந்தது. ஈஸ்டருக்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று இராமலட்சுமி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் மேலே ஒருத்தன் இருந்தான்.

அந்த வாரமே தவக்காலத்தைத் தொடங்கி வைக்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு எமல்டா மாதா சுரூபத்தின் முன் நின்று நேர்ந்துகொண்டாள். கண் நல்லபடியாகக் கிடைக்க வேண்டும், உயிர்ப்பு ஞாயிறு வரை மீன் தொட மாட்டேன். தவக்காலத்தில் இறைச்சியைத்தான் விடச் சொல்கிறது சபை. மீனுக்குத் தடை இல்லை. ஆனால் கடற்கரையில் இறைச்சியை விடுவது ஒரு தியாகமா? எப்போதோ ஒரு நாள் சாப்பிடுவதை விட்டதாகச் சொன்னால் மாதா சிரிப்பாள் என்று நினைத்தாள். அன்றாடம் தின்பதை விட வேண்டும். அதுதான் முறை.

முறைப்படிதான் நடந்தது. காலையில் பூசை முடிந்து வந்து சீனி தூக்கலாக ஒரு டீ, கூட ஒரு பன். மதியம் சோறு, ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். மீன் இல்லாத சோறு வயிற்றில் நிற்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். கம்பெனியில் இடைவேளைக்கு இடைவேளை டீ. டீ அவள் கணக்கில் சாப்பாட்டிலேயே சேராது. ஒரு வேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கும் நாளில்கூட அதைக் குடிக்கலாம் என்பது அவள் அம்மா காலத்துச் சட்டம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோவில் வாசலில் ஊற்றும் வெல்லக் கஞ்சியை, புண்ணியமாயிற்றே என்று இரண்டு தடவை வாங்கினாள்.

அவள் புருஷன் சிங்கராயன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். சங்கரா, ஊளி, விளமீன் என்று எது விழுந்தாலும் வீட்டுக்கு ஒரு பங்கு கொண்டுவருவான். அவளே ஆக்கி அவனுக்கு வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து ரசம் சோறு தின்றாள். அவனுக்கு அது இறங்கவில்லை. வேளைக்கு வேளை எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தான்.

தவக்காலம் பாதி கடந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தாள். முகாமில் இருந்ததைவிட ஏறியிருந்தது.

மெஷின் கோளாறு என்றாள். நர்ஸ் மறுபடியும் குத்திப் பார்த்தாள். அதே கதைதான். மாத்திரை விடாமல் போடுகிறாயா என்று நர்ஸ் கேட்டாள். போடுகிறாள். அப்படியானால் காலையிலிருந்து என்னென்ன தின்கிறாய் என்று கேட்டாள். எமல்டா பெருமையாகவே சொன்னாள். நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள்.

"உங்க தட்டுல இருந்த நல்ல பொருள் மீன் ஒண்ணுதான்க்கா. அதத் தூக்கிப் போட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கிட்டீங்க."

சோற்றைப் பாதியாகக் குறைத்து, மீதித் தட்டில் கீரையும் காயும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு துண்டு மீன் கட்டாயம்; பொரித்தது வேண்டாம், குழம்பில் போட்டது போதும். மீன் முடியாது என்றால் பயறு, முட்டை. சீனி அறவே கூடாது. எமல்டா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நர்ஸ் சொன்னது புரிந்தது. நேர்ந்துகொண்டதை என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை. கண்ணுக்காகச் செய்த நேர்ச்சையை முறித்தால் போவது கண்ணாகத்தானே இருக்கும்.

மறுநாள் மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைக்கும் சூஃபியாவிடம் சொன்னாள். சூஃபியாவுக்கும் சுகர். ரமலான் நடந்துகொண்டிருந்தது. அவள் ஒளிக்காமல் மதியம் சாப்பிட்டாள். ஊசி போட்டுக்கொள்கிற உடம்புக்கு நோன்பு கடமையில்லை, பதிலுக்கு ஒரு ஏழைக்குச் சோறு கொடு என்று பள்ளிவாசல் ஹஜரத் சொல்லிவிட்டாராம்.

"எங்க அல்லாஹ்வே விட்டுக் குடுத்துட்டான். ஒங்க மாதா என்ன அம்புட்டுக் கண்டிப்பாவா இருக்கப் போறாக?" என்றாள் சூஃபியா.

சிங்கராயன் வீட்டில் இன்னும் மோசமாகப் பேசினான். "ஆண்டவரு உயிர்த்து வந்து கரையில அடுப்ப மூட்டி என்ன வச்சுருந்தாரு? மீனச் சுட்டு வச்சு, வாங்கடா சாப்புடன்னு கூப்புட்டாரு. ரசம் வச்சாரா? அப்பளம் பொரிச்சாரா?"

அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். ஆனால் அது மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

ஞாயிறு பூசைக்குப் பின் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். புதிதாக வந்தவர், அவள் மகன் வயதுதான் இருக்கும். நேர்ச்சை, நர்ஸ், சூஃபியா எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் பேசியதை மட்டும் விட்டுவிட்டாள். அவர் முழுதும் கேட்டார். நீங்களாகச் செய்துகொண்ட நேர்ச்சைதான், அதைவிடப் பெரிய ஒன்றாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அதில் பாவம் இல்லை என்றார். உடம்பு தூய ஆவியின் கோவில் என்றும் சொன்னார். அது அவள் ஆயிரம் பிரசங்கத்தில் கேட்ட வாக்கியம். சாராயத்துக்கும் சோரத்துக்கும் சொல்வது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். சோற்றுக்கும் சேர்த்துத்தான் என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு அவர் கேட்டார். "மீன விட்டது கஷ்டமா இருக்காம்மா?"

யோசித்தாள். நாள் முழுக்க நண்டுக் கவிச்சியில் கிடந்துவிட்டு வருகிறவளுக்கு மீன் மேல் என்ன பெரிய ஆசை? "இல்ல சாமி" என்றாள்.

"அப்ப எத விட்டா கஷ்டம்?"

பதில் அவள் வாயருகே இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் விட வேண்டியிருக்கும். அவர் வற்புறுத்தவில்லை. வாசலில் யாரோ ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்க நின்றார்கள், எழுந்து போய்விட்டார். எமல்டாவுக்குக் கோபமாக வந்தது. நேர்ச்சை நேர்ந்த அன்று மாதாவிடம் தான் பேரம் பேசியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொடுத்தால் வலிக்காததைத் தேடித்தான் கொடுத்திருக்கிறாள்.

அன்று மதியம் விளமீன் குழம்பில் ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். சோறு பாதி, முருங்கைக்கீரை ஒரு கை. சிங்கராயன் பார்த்தான், குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். சாயங்காலம் சீனி இல்லாமல் டீ போட்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியை வாசலில் ஊற்றினாள்.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் யாருக்கும் நன்றாக இல்லை. அவளுக்குத் தலை வலித்தது. பாத்திரம் உருண்டது. சோறு போதாமல் எழுந்து, அடுப்படி வரை போய்த் திரும்பினாள். சிங்கராயன் வள்ளத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை கஞ்சி வேண்டாம் என்று நகர்ந்தபோது ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எமல்டா மீன் தின்பது அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. நேர்ச்சையை முறித்தவள் என்று பின்னால் பேசினார்கள். முன்னாலும் ஒருத்தி பேசினாள். மாற்றிக்கொள்ளலாம் என்று சாமியாரே சொன்னதை எமல்டா சொல்லியிருக்கலாம். ஆனால் மீனுக்குப் பதிலாக டீயில் சீனி போடாததை ஒரு நேர்ச்சை என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. நாக்கு வறண்டு நிற்கிற ஒவ்வொரு வேளையும் அதை மாதாவுக்கென்றே விட்டாள். பக்தியோடு விட்டாள் என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள்.

குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் முகாமில் வரிசையில் நின்றாள். விரலைக் குத்தியவர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் குறைந்தால் நல்லது, ஆனால் செய்யலாம் என்று பக்கத்திலிருந்த டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பஸ்ஸைக் காட்டினார். மதுரைக்குக் கூட்டிப்போய் மறுநாள் அறுவை, அதற்கடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். துணைக்கு ஒருவர் வரலாம்.

வலது கண்ணைத்தான் இந்த முறை செய்வார்கள். இடதுக்கு இன்னொரு முகாம். அதற்கும் இதே சோதனை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் மருந்தும் கேட்காது, கண்ணும் நிற்காது என்றும் சொன்னார். உயிர்ப்பு ஞாயிற்றோடு நேர்ச்சை முடிகிறது, இது முடியாது. அதை அவள் பஸ்ஸில் ஏறும்போதுதான் நினைத்தாள்.

சிங்கராயன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியது. அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரே வெளுப்பாகத் தெரிந்தது.

"ஈஸ்டருக்குப் பிரியாணி உண்டா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றான்.

"ஒங்களுக்கு உண்டு."

"ஒனக்கு?"

"ஒரு கரண்டி. வெங்காயம், வெள்ளரிக்கா நெறைய வாங்கிருங்க."

"ஈஸ்டருக்கு அப்பறம் டீ?"

இனிமேல் வீட்டில் சீனி வாங்க வேண்டாம், அவனுக்கு வேண்டுமானால் கடையில் குடித்துவிட்டு வரட்டும் என்றாள். யாருக்கு நேர்ச்சை என்று அவன் கேட்டான்.

"யாருக்கும் இல்ல" என்றாள் எமல்டா. "சும்மா."