பாதி மலையில் அணையும் லாரி

வியாழக்கிழமை பட்டாணி சூப் குடித்து முடித்த கிண்ணங்களை ஹெல்வி கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்த லாரி எஞ்சின் சத்தம் பட்டென்று அறுந்தது. சத்தம் மெல்லக் குறைந்து அடங்கியிருந்தால் கணவன் எஸ்கோ வண்டியை எங்கோ ஓரங்கட்டியிருக்கிறான் என்று விட்டிருப்பாள். இது பேசிக்கொண்டிருப்பவனின் வாயைப் பொத்தியது போல இருந்தது. நுரை வழியும் கைகளோடு போய்ப் பார்த்தாள். திரை கருப்பாக இருந்தது. மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் விசிறி நின்று, பிறகு தானாகவே மறுபடி சுழலத் தொடங்கியது. எஸ்கோ இடது கையால் விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அந்தக் கருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், பாதை எப்படியும் திரும்பி வரும் என்பது போல.

போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் இப்படித்தான். மின்னஞ்சல் பார்த்தால், வானிலை பார்த்தால், கம்ப்யூட்டர் சாதுவாக வேலை செய்தது. லாரி விளையாட்டைத் திறந்து, பனி பெய்யும் மலைப்பாதையில் மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு பாதி தூரம் போனதும் செத்துப்போனது. அது மறுபடி உயிர்பெற்று எஸ்கோ உள்ளே நுழைவதற்குள் மற்ற இருவரும் போய்விட்டிருப்பார்கள்.

மற்ற இருவர் என்றால் ஔலு நகரத்தில் இருக்கும் ஓஸ்மோவும், எல்லைப் பக்கம் ஏதோ ஏரிக்கரையில் இருக்கும் ரெய்யோவும். எஸ்கோ இருவரையும் நேரில் பார்த்ததில்லை. பல வருடங்களாக வியாழக்கிழமை சாயங்காலங்களில் மூன்று பேரும் திரையில் வரிசையாக லாரி ஓட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டயரைப் பற்றியும் மீன் சுடுவதைப் பற்றியும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். ரௌமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த எஸ்கோ மற்ற இடங்களில் அதிகம் பேசாதவன். வியாழக்கிழமைகளில் அவன் குரல் சமையலறை வரை வரும். அது என்ன சொல்கிறது என்று ஹெல்வி கவனித்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே போகும் ரயில் மாதிரி அது அந்த வீட்டின் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வசந்த காலத்தில் அவன் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நடை திரும்பி வந்தது. வலது கை ஓரளவு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வந்த கொஞ்சமும் இடம் மாறி வந்தது. செய்தித்தாள் கேட்க வேண்டியவன் படகு கேட்டான். கதவைச் சாத்து என்பதற்குப் பதிலாக மாமா என்றான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஆமாவும் இல்லையும் அவன் வாயில் கலந்துவிட்டன. காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோப்பையை நீட்டுவான். ஹெல்வி வேலை பார்த்த பல் மருத்துவமனையில் ஒருத்தி, நம்ம ஊர் ஆம்பளைங்கதான் வாயே திறக்க மாட்டாங்களே, பேச்சு போனதை எப்படிக் கண்டுபிடிச்ச என்று கேட்டாள். ஹெல்விதான் முதலில் சிரித்தாள். வாய் நிறையப் பஞ்சும் குழாயும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களைப் புரிந்துகொள்வதே அவள் வேலை. ஆனால் அவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பஞ்சை எடுத்துவிடுவார்கள்.

துறைமுகத்து நண்பர்கள் தொடக்கத்தில் வந்தார்கள். அவனிடம் உரக்க, சொல் சொல்லாகப் பேசினார்கள். தோளைத் தட்டினார்கள். பிறகு ஹெல்வியின் பக்கம் திரும்பி, இவர் நல்லா சாப்பிடறாரா, நல்லா தூங்கறாரா என்று கேட்டார்கள். இலையுதிர் காலத்துக்குள் எல்லாரும் வருவதை விட்டுவிட்டார்கள். அதே சமயத்தில்தான் எஸ்கோ ஒரு நாள் தானாகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மைக்கின் வயரைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டுவிட்டு விளையாட்டைத் திறந்தான். ஹெல்வியைக் கூப்பிட்டு, திரையையும் தன் தொண்டையையும் இழுப்பறையையும் மாறிமாறிக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. ‘மைக் கெட்டுப்போச்சு. காது கேக்குது. ஓட்டலாம்’ என்று அவன் பெயரில் எழுதினாள். அவர்கள் அதை நம்பிவிட்டார்கள். இத்தனை மாதம் எங்கே போனாய் என்று கேட்டார்கள், பதில் வராததால் மறந்துவிட்டு ஓட்டத் தொடங்கினார்கள். திரைக்குள் எஸ்கோ பழைய எஸ்கோவாகவே இருந்தான். ஒரு கையால் ஓட்டினாலும் வளைவுகளில் அவனை யாரும் முந்த முடியவில்லை.

இப்போது அதுவும் பாதியில் அணைகிறது.

ஹெல்வி பெட்டியைக் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனாள். எஸ்கோவும் கூட வந்தான். கடைக்காரர் நல்ல மனிதர். எந்த நேரத்தில் அணைகிறது, அணைவதற்கு முன் ஏதாவது சத்தம் வருகிறதா என்று எஸ்கோவிடம்தான் கேட்டார். எஸ்கோ வாயைத் திறந்தான், ஏதோ ஒரு சொல் வந்தது, அது சரியான சொல் இல்லை. கடைக்காரரின் பார்வை மெல்ல ஹெல்வியின் பக்கம் நகர்ந்தது. எஸ்கோ பெட்டியை இடது கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றான். அதற்குப் பிறகு கடை என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

வீட்டிலேயே பார்ப்பது என்று ஆயிற்று. சூடு தாங்காமல் அணையலாம் என்று ஹெல்வி எங்கோ படித்தாள். சௌனா என்ற நீராவிக் குளியலறைக்கு வெளியே உடை மாற்றும் அறையில் பழைய துண்டை விரித்து, பெட்டியைப் படுக்கவைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சாம்பல் நிறப் பஞ்சாகத் தூசி. எஸ்கோ குனிந்து நின்று விரலால் காட்டக் காட்ட, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய தூரிகையால் அவள் ஒவ்வொரு விசிறி இறக்கையாகத் துடைத்தாள். அன்று லாரி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக தூரம் போய்ப் பிறகு அணைந்தது. அடுத்த நாள் படத்தைக் காட்டும் அட்டைக்கான மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று எஸ்கோ திரையில் தட்டிக் காட்டினான். அவள் அவசரப்பட்டு வேறெதையோ அழுத்தியபோது மேஜையைக் குத்தினான். அதற்குப் பிறகும் அணைந்தது.

அந்தக் கருப்புத் திரை மறுபடி வெளுத்து வந்தபோது ஓஸ்மோவிடமிருந்து செய்தி வந்திருந்தது.

‘எஸ்கோ, எங்களோட ஓட்டப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடு. பாதி மலையில விட்டுட்டுப் போற வேலை வேணாம். வடக்க போற பெரிய பாதைக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்.’

எஸ்கோ அதை வெகுநேரம் படித்தான். எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அவனுக்கு இப்போதெல்லாம் நேரமாகும். படித்து முடித்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் சொல்லிடட்டுமா?" என்றாள் ஹெல்வி. "ரெண்டே வரி. உனக்கு என்ன ஆச்சுன்னு."

"ஆமா" என்றான் எஸ்கோ. "ஆமா, ஆமா."

அவள் எழுதினாள். எஸ்கோவுக்கு வசந்தத்தில் பக்கவாதம் வந்தது, பேச்சு போய்விட்டது, மைக் கெடவில்லை, கம்ப்யூட்டர் நிஜமாகவே கெட்டுவிட்டது, அவன் உங்களை விட்டுப் போகவில்லை, நான் அவன் மனைவி. அனுப்பிவிட்டுத் திரும்பியபோது அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாத்தும்போது சத்தம் வராமல் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் முழுக்க அவன் அவளைப் பார்க்கவில்லை. காப்பியை வாங்கிக்கொண்டான், ஜன்னலோரம் போய் நின்றான். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியை வாரிப் போடுவதை, அது ஏதோ பெரிய வேலை என்பது போல, கவனித்தான். மருத்துவமனையில் யாரோ ஒரு கிழவரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹெல்விக்கு அந்த மூன்று ஆமாக்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. அவன் ஆமா சொல்லும்போது தலை எந்தப் பக்கம் அசைந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் பார்ப்பது அவன் தலையையும் கையையும்தான், காதில் விழும் சொல்லை அல்ல. நேற்று மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஓஸ்மோவின் பதில் வந்திருந்தது. எஸ்கோ அதைத் திறந்து வைத்துவிட்டு அறையைவிட்டுப் போயிருந்தான்.

‘ஒருத்தன் இத்தனை நாள் ஒரு மைக் வாங்காம இருப்பானான்னு ரெய்யோகிட்டச் சொல்லிட்டேதான் இருந்தேன். கஞ்சப்பயன்னு நினைச்சோம். சரி விடு. பெட்டி எப்படி அணையுது? திரை மட்டும் போகுதா, இல்ல மொத்தமும் போயி தானா எழுந்து வருதா? உள்ள கழட்டிப் பாத்தியா? மெமரியைப் பாரு. எனக்கு ஒரு தடவை அதுதான் போச்சு.’

அதற்குக் கீழே ரெய்யோ எழுதியிருந்தது ஒரே ஒரு சொல். ‘காத்திருக்கோம்.’

ஹெல்வி அதை நின்றபடியே படித்தாள். உடம்பு எப்படி இருக்கிறது, மனதைத் தளரவிடாதே, கடவுள் இருக்கிறார் என்றெல்லாம் எதுவும் இல்லையா என்று மேலும் கீழும் தேடினாள். இல்லை.

சமையலறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. போனாள். எஸ்கோ மேஜைமேல் இரண்டு சூப் கரண்டிகளை ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்திருந்தான். அவள் வந்ததைப் பார்த்ததும் ஒரு கரண்டியை எடுத்துத் தன் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவனுக்குப் பசிக்கிறது என்று நினைத்து அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அவன் சூள்கொட்டிவிட்டு மறுபடி இரண்டையும் வைத்தான். ஒன்றை எடுத்தான். கையால் ஸ்டியரிங் திருப்பிக் காட்டினான். எடுத்ததை வைத்துவிட்டு மற்றதை எடுத்தான். மறுபடி ஸ்டியரிங் திருப்பினான். தூசி துடைத்தபோது பெட்டிக்குள் அருகருகே செருகியிருந்த இரண்டு மெல்லிய பச்சை மெமரி அட்டைகள் ஹெல்வியின் நினைவுக்கு வந்தன.

"ஒண்ணு ஒண்ணா எடுத்துட்டு ஓட்டிப் பாக்கணும்" என்றாள்.

"இல்ல" என்றான் எஸ்கோ. தலை பலமாக மேலும் கீழும் ஆடியது.

மறுபடி பெட்டியைக் கழற்றினார்கள். அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். அட்டையின் இரு முனைகளிலும் இருந்த கொக்கிகளை அவள் கட்டைவிரல்களால் அமுக்கினாள். குனிந்த நிலையிலேயே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நீ ஆமான்னு சொன்ன. ஆனா நீ ஆமா சொல்றதை நான் என்னைக்கு நம்பியிருக்கேன்? எனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. யார்கிட்டயாவது. அதான் நம்பிட்டேன்."

விளக்கு வெளிச்சம் அசையாமல் இருந்தது. அவள் கழுத்துக்குப் பின்னால் அவனுடைய வலது கை, அந்த மெதுவான, கொஞ்சம் குளிர்ந்த கை, வந்து உட்கார்ந்தது. அது எதையும் அழுத்தவில்லை, தடவவில்லை. அதனால் முடிந்தவரை அங்கேயே இருந்தது, பிறகு தானாக வழுக்கி இறங்கியது.

முதல் அட்டையை எடுத்துவிட்டு ஓட்டியபோது லாரி பாதி மலைகூடப் போகவில்லை. அதைச் செருகி, மற்றதை எடுத்தார்கள். இந்த முறை காட்சிகள் திக்கித் திக்கி வந்தன. தூரத்து மரங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் முளைத்தன. ஆனால் லாரி மலை ஏறியது, இறங்கியது, ஆற்றைக் கடந்தது, மரத்தடிகளை ஆலையில் இறக்கியது. எஸ்கோ ஆலை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எடுத்த அட்டையை ஹெல்வி குப்பையில் போடப் போனபோது அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவனே போட்டான்.

அடுத்த வியாழக்கிழமை அவன் ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை. சத்தத்தை அறைக்குள்ளேயே விட்டான். ஓஸ்மோவின் குரலை அன்றுதான் ஹெல்வி ஒழுங்காகக் கேட்டாள். நினைத்ததைவிட வயதான குரல். முதலில் அது நிதானமாக, சொற்களுக்கு நடுவில் இடைவெளி விட்டு, எஸ்கோ, நல்லா, கேக்குதா என்றது. எஸ்கோவின் பிடரி விறைப்பதை அவள் கதவருகிலிருந்து பார்த்தாள். ரெய்யோ இருமினான். மூன்று லாரிகளும் கிளம்பின. யாரும் அதிகம் பேசவில்லை. எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் இருந்த வளைவில், எஸ்கோவின் லாரி உள்பக்கமாகப் புகுந்து ஓஸ்மோவின் பக்கவாட்டை நீளமாக உரசிக்கொண்டு முன்னால் போனது. வேண்டுமென்றே செய்தானா என்று ஹெல்விக்குத் தெரியவில்லை.

"டேய் குருட்டுப்பயலே!" என்று ஓஸ்மோ கத்தினான். "பெயின்ட் இப்பதான்டா அடிச்சேன். உனக்கெல்லாம் எவன்டா லைசன்ஸ் குடுத்தான்?"

"துறைமுகத்துலேயே கிரேனுக்குக் குடுத்திருப்பாங்க" என்றான் ரெய்யோ. "அங்க மேல உக்காந்து கீழ பாத்துத்தான ஓட்டணும்."

எஸ்கோவின் தோள்கள் இறங்கின. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் சிரிக்கிறான் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

மலையின் மறுபக்கம் இறங்கும்போது அவன் இடது கை களைத்துவிட்டது. நாற்காலியை நகர்த்தி, கண்ணாலேயே அவளைக் கூப்பிட்டான். அவள் மாட்டேன் என்றாள். அவன் எழுந்தே விட்டான். லாரி ஓட்டுபவர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்வி அவசரமாக உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள், கார் ஓட்டுவது போலத் திருப்பினாள். லாரி பாதையைவிட்டு விலகி, பனிக்குவியலைப் பிளந்துகொண்டு, மரத்தடிகளோடு பள்ளத்தில் சாய்ந்தது.

முன்னால் போன இரண்டு வண்டிகளும் நின்றன.

"என்னடா ஆச்சு?" என்றான் ஓஸ்மோ. "மறுபடி அணைஞ்சிருச்சா?"

எஸ்கோ இழுப்பறையைத் திறந்தான். மைக்கின் வயரை எடுத்து, பெட்டியின் பின்னால் தடவித் தடவிச் செருகினான். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தான். சொல் வருவதற்கு நேரம் எடுத்தது. அந்தப் பக்கம் இருவரும் காத்திருந்தார்கள்.

"அம்மா" என்றான் எஸ்கோ. ஹெல்வியைப் பார்த்து, தலையை ஆட்டி, இன்னும் அழுத்தமாகச் சொன்னான். "அம்மா ஓட்றா."

ஹெல்வி திருத்தவில்லை.

"சரி" என்றான் ஓஸ்மோ. "அம்மாவை ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கச் சொல்லு. சக்கரம் இன்னும் தோண்டிக்கிட்டே போகுது பாரு. நாங்க வர்றோம், கயிறு கட்டி இழுத்துக்கலாம்."

திரையில் பனி சரிவாகப் பெய்துகொண்டிருந்தது. மேலே பாதையில் இரண்டு லாரிகளும் குறுகலான இடத்தில் முன்னும் பின்னுமாக நகர்ந்து, வண்டியைத் திருப்பப் பாடுபட்டன. பிறகு அவற்றின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பக்கம் திரும்பி, திக்கித் திக்கி முளைக்கும் மரங்களுக்கு நடுவே, பள்ளத்தை நோக்கி மெதுவாக இறங்கி வரத் தொடங்கின.