எட்டாமல் போன பலகை

என் மருமகள் ஆயிஷா சித்திகா என்னை அடுப்படியிலிருந்து கிளப்பப் பார்க்கிறாள். வாய் திறந்து சொல்ல மாட்டாள், அழுத்தக்காரி. மசாலா டப்பா வைக்கிற பலகையைச் சத்தமில்லாமல் உயர்த்தி வைத்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்த டப்பா, இப்போது குதிகாலைத் தூக்கினாலும் எட்டவில்லை. பிரியாணி வைக்க வேண்டுமென்றால் அவளைக் கெஞ்ச வேண்டும். இந்த சுல்தான் பீவியிடம் நடக்குமா?

சும்மா சந்தேகப்படவில்லை. போன வருஷம் நான் உசிலம்பட்டியில் மகள் வீட்டில் இருந்தபோது, ஆள் வந்து சுவரில் துளை போட்டதாகப் பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி நேற்றுதான் சொன்னாள். என் நைட்டியையும் இவள் விட்டு வைக்கவில்லை. வாங்கி வருவதெல்லாம் தரையைப் பெருக்குகிறது. தடுக்கி விழட்டும் என்றே பெரிய அளவாகப் பார்த்து வாங்குகிறாள். இதில் என் முதுகுவலிக்கு டாக்டரிடம் போவோம் என்று பசப்பு வேறு. என்னைப் படுக்கச் சொல்லிவிட்டால் அடுப்படி முழுசும் அவளுக்குத்தானே!

இன்று அவள் மாடியில் துணி காயப்போடப் போன நேரம், ஸ்டூல் போட்டு ஏறினேன். பலகைக்குக் கீழே பழைய துளை இருக்கும். மகன் யாசீனிடம் காட்டினால் அவள் சாயம் வெளுத்துவிடும். தடவிப் பார்த்தேன். சுவர் வழவழவென்று இருந்தது. மேலே, நாலு விரற்கடை தள்ளி, சிமெண்ட் வைத்து அடைத்த இரண்டு துளைகள்.

"மாமி!" வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஆயிஷா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "விழுந்தா என்னாகும்? எறங்குங்க!"

"பலகைய எறக்கியா வச்ச?"

"ஆமா. உங்களுக்கு எட்டலைன்னுதான்."

"எறக்கியுமா எட்டல?"

"நீங்கதான் குட்டையாகிக்கிட்டே வாரீங்க மாமி. எங்க ஊரு பரவையில அம்மாவுக்கும் இப்படித்தான். நைட்டி தரையில பெரண்டுச்சு, நாங்க சிரிச்சோம். எலும்பு கரைஞ்சு, முதுகெலும்பு உள்ளுக்குள்ளயே நொறுங்கியிருக்கு. வயசாச்சுன்னு விட்டுட்டோம். பாத்ரூம்ல லேசா வழுக்குனதுக்கே இடுப்பு ஒடிஞ்சு, இன்னும் எந்திரிக்கல."

"பலகைய எறக்கும்போதே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நைட்டியின் ஓரம் என் காலடியிலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடக் குனிந்தவளிடம், "அந்த டாக்டர் எத்தன மணிக்கு வாராரு?" என்று கேட்டேன்.