பிந்தி வந்த நான்கு கோடுகள்

கஜானி சம்மட்டியைக் கீழே வைத்தபோது பதினொன்றரை மணி. இரும்புத் தகட்டில் அறுபது அடி அடித்ததில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பரமலிங்கத்தின் செம்மண் காணியில் இருபத்துநான்கு அதிர்வுமானிகள் ஒரே வரிசையில் குத்தி நின்றன. அடித்த அதிர்வு நிலத்துக்குள் ஓடி ஒவ்வொன்றையும் எப்போது தொடுகிறதென்று மடிக்கணினி குறித்துக்கொள்ளும். இறுகிய சுண்ணாம்புக்கல்லில் அதிர்வு விரைந்து போகும்; உள்ளே பொந்திருந்தால் சுற்றிக்கொண்டு பிந்தி வரும். குழாய்க்கிணறு அடிக்கிற லொறியை நிலம் தாங்குமா என்று சொல்லத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து அவள் வந்திருந்தாள்.

திரையில் பதினான்காம் கருவியிலிருந்து பதினேழாவது வரை கோடுகள் குழம்பி, பிந்தியும் கிடந்தன.

"பக்கத்துத் தோட்டத்திலை தண்ணி மோட்டர் ஓடுதோ ஐயா? அந்த அதிர்வும் கோட்டைக் குழப்பும்."

"ஓம் பிள்ளை, உந்த மோட்டர்தான்," என்றார் பரமலிங்கம், வேலிப்பக்கம் திரும்பியும் பாராமல். லொறி காலையிலிருந்து படலை வாசலில் நிற்கிறது. அவருக்கு வேலை முடிந்தால் போதும், அவளுக்கோ பசி. இரண்டு அவசரமும் சேர்ந்தால் விஞ்ஞானம் எந்த மூலைக்கு? நான்கு கோடுகளையும் அழித்துவிட்டு, "சரி, ஏத்தச் சொல்லுங்கோ" என்றாள்.

கருவிகளைப் பிடுங்கி வயரைச் சுற்றிக்கொண்டே வேலிக்கரைக்கு வந்தாள். அந்தப் பக்கம் உதயகலா என்ற பெண் குந்தியிருந்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தாள்கள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன.

"அக்கா, இண்டைக்கு மோட்டர் போட்டனீங்களோ?"

"பிடுங்கிற வெங்காயத்துக்கு ஆர் தண்ணி விடுவினம்? மோட்டரைக் கழட்டி வீட்டை கொண்டுபோய்ப் பத்து நாளாச்சு."

கஜானி வயர் சுற்றுவதை நிறுத்தினாள். உடுப்பிட்டியில் வெங்காயத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா இது? பூமியின் நடுவை ஒருவரும் போய்ப் பார்த்ததில்லை என்று வருசாவருசம் வகுப்பில் சொல்பவள் அவள். எங்கோ நிலம் நடுங்க, பூமியின் மறுபக்கத்தில் சில அலைகள் வந்துசேரவில்லை. அதை வைத்துத்தான் உள்ளே உருகிய பகுதி இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள், எதிர்பார்த்தபடி வராததைத்தான் முதலில் பாருங்கள் என்பாள். அதைத்தான் இன்று அழித்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். லொறி பதினான்காம் கருவி நின்ற இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

வயரை எறிந்துவிட்டு ஓடினாள். கத்தினாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. நேரே லொறிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். சாரதி பிரகலாதன் பிறேக்கை மிதித்தார்.

"இறங்குங்கோ அண்ணை. கீழை பொந்து."

"அப்ப பின்னுக்கு எடுக்கிறன்."

"எடுக்க வேண்டாம். அப்பிடியே விட்டிட்டு வாங்கோ."

"என்ன பிள்ளை, இப்பதானே சரியெண்டனீர்?" என்று பரமலிங்கம் தூரத்திலிருந்து சினந்தார். பிரகலாதன் எஞ்சினை நிறுத்தினார். போனைத் தேடினார். பிறகு குனிந்து செருப்பைத் தேடத் தொடங்கினார். கஜானிக்கு அழுகையே வந்துவிட்டது.

"செருப்பை விடுங்கோ. உங்களைக் கும்பிட்டன், வாங்கோ."

அவர் வெறுங்காலுடன் குதித்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமரத்தடிவரை ஓடினாள். ஒன்றும் நடக்கவில்லை. பரமலிங்கம் தலையிலடித்துக்கொண்டார்.

பிறகு முன்சில்லு இரண்டும் மெல்லத் தாழ்ந்தன. செம்மண் வட்டமாக வெடித்தது. லொறியின் முகம் கண்ணாடிவரை நிலத்துக்குள் போய்க் கல்லில் மோதி நின்றது. சாரதி இருந்த இருக்கை நசுங்கிக் கிடந்தது. அடியில் எங்கோ தண்ணீருக்குள் கல் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பிரகலாதன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மூண்டு பிள்ளையள், தங்கச்சி. நீங்கள் இல்லாட்டி..."

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டர் கதையைப் பற்றி அவர் வாய் திறக்கப்போவதில்லை. அவள் பேசாதிருந்தால் இந்த ஊரில் இனி அவள் ஓர் உயிரைக் காத்தவள்.

"அண்ணை, பொந்தைக் கருவி முதலே காட்டினது," என்றாள் கஜானி. "நான்தான் அழிச்சுப்போட்டு உங்களை ஏறச் சொன்னனான்."

பிரகலாதன் பிடித்திருந்த கைகளை விட்டார்.