இடுப்புப் பந்தும் கல்யாண சஹனும்

கரையான்சாவடியில் அன்று தேங்கியிருந்தது ஒரு ஸ்பூன் மழைத்தண்ணீர். அதில் தான் வழுக்கி விழுந்த சத்தம் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ வரைக்கும் கேட்டதாக ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார் கலீல் ரகுமான். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டுமாம்.

இரண்டு வழி உண்டு என்றார் டாக்டர் பவ்யா. பின்பக்கமாகத் திறந்தால் நடை சீக்கிரம் சீராகும். பந்து நழுவும் பயம் கொஞ்சம் அதிகம். பக்கவாட்டில் திறந்தால் அந்தப் பயம் குறைவு. ஆனால் தாங்கித் தாங்கி நடக்க நேரலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கலீலுக்கு நடையைப் பற்றிக் கவலையே இல்லை. மூன்று மாதத்தில் பேத்தி மெஹக்கின் நிக்காஹ். பாயில் சுற்றி உட்கார்ந்து, ஒரே சஹன் தட்டில் நாலு பேர் கைவைக்கும் பிரியாணி. எந்த சஹனானாலும் நல்லி எலும்பு தானாக உருண்டு அவர் பக்கம் வந்துவிடும் என்பது அவர் வாதம்.

வார்டில் பின்பக்கம் திறந்த கோதண்டமும் பக்கவாட்டில் திறந்த இருதயராஜும் வாக்கரோடு நடைபழகிக்கொண்டிருந்தார்கள். கலீல் படுத்தபடியே விசிலடித்து இருவருக்கும் பந்தயம் வைத்தார். கோதண்டம் ஒரு சாண் முந்தினார். அடுத்து யார் நன்றாகக் குனிகிறார்கள் பார்ப்போம் என்றபோது, குனிந்தால் பந்து நழுவிவிடும் என்று நர்ஸ் அலறிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே டாக்டர்.

"எந்தப் பக்கம் தொறந்தா பாய்ல குந்தலாம், டாக்டரம்மா?"

"எந்தப் பக்கம் தொறந்தாலும் தரையில உக்காரக் கூடாது சார்."

கலீல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் வாதத்தில் தோற்றது அதுதான் முதல் தடவை.

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மனைவி மஹ்பூபா நிமிர்ந்தாள். "நழுவாத பக்கமா வையுங்கம்மா. இவரு யார் பேச்சயும் கேக்கற ஆளில்ல."

டாக்டரும் அதையேதான் நினைத்திருந்தாராம்.

நிக்காஹ் அன்று கைத்தடியோடு தாங்கித் தாங்கி வந்தார் கலீல். ஊரே பாயில் இருக்க, மூலையில் உயரமான மேஜை, அதன்மேல் ஒரு சஹன், நாலு நாற்காலி. மஹ்பூபாவின் ஏற்பாடு. தன்னந்தனியாகத் தின்ன வேண்டியதுதான் என்று முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொல்லி முடிப்பதற்குள் மற்ற மூன்று நாற்காலியும் நிரம்பிவிட்டது. பின்னால், தங்களுக்கும் தரையில் உட்கார முடியாதென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நானூறு பேர் வரிசை.

"இன்னா பாய், ஒனுக்கு எந்தப் பக்கம் தொறந்தாங்கோ?" என்றார் எதிரே இருந்தவர்.

கலீலின் கை அதற்குள் நல்லி எலும்பில் இருந்தது. "மொதல்ல துன்னு மாமே. அப்பால சொல்றேன்."